பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கழற்றி மாட்டினால் ஏன் சக்தி குறைகிறது?

காயில்கடை

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் இதே தொழில். பல வருடமாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே கேட்கிறேன்.

தொழில் பழகிய காலத்தில் பழைய வால்வு ரேடியோ ஒன்று ரிப்பேருக்கு வந்தது. ஸ்பீக்கரின் இடுக்கில் துரு ஏறி, காயில் உரசிக்கொண்டிருந்தது. நான் ஆர்வக்கோளாறில் பின்பக்கத்து இரும்புக் கூட்டைக் கழற்றி, உள்ளே கட்டைவிரல் பருமனில் இருந்த காந்தத்தை வெளியே எடுத்துவிட்டேன். துருவைச் சுத்தமாகத் துடைத்து, வைத்த மாதிரியே திரும்ப மாட்டினேன். ஸ்பீக்கர் பாடியது. ஆனால் முன்பு தெருவுக்கே கேட்ட சத்தம் இப்போது அறைக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆசான் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெளிய எடுத்தியா? எடுத்தா செத்துப்போகும்டா." காரணம் அவருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கு வரும் காசு மாதிரி மெல்லிய காந்தங்களை எத்தனை தடவை கழற்றினாலும் ஒன்றும் ஆவதில்லை. விரலை நசுக்கும் வேகத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பள்ளியில் பார்த்த காந்தம் லாட வடிவம். ரேடியோவில் பார்த்தது கட்டை. அப்புறம் வந்த ஸ்பீக்கரில் தட்டையான கறுப்பு வளையம். இப்போது காசு. ஏன் இப்படி உருவம் மாறிக்கொண்டே வந்தது? அன்று அந்தக் காந்தம் ஏன் செத்தது?

ரேடியோப்பெட்டி

அண்ணே, உங்கள் ஆசான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நீங்கள் வெளியே எடுத்தது அல்னிகோ காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றும் இரும்போடு சேர்ந்த கலவை. அதைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூடு வெறும் மூடி இல்லை. காந்தத்தின் ஒரு முனையில் கிளம்பும் புலம் அந்த இரும்பு வழியாகச் சுற்றி வந்து மறுமுனையில் சேர்ந்துவிடும். கூட்டை எடுத்ததும் அந்தச் சுற்று அறுகிறது. பிறகு காந்தத்தின் இரண்டு முனையும் சேர்ந்து தன் உடம்பையே எதிர்த்திசையில் தள்ளும். அல்னிகோவால் அந்தத் தள்ளலைத் தாங்க முடியாது, பாதிச் சக்தியை இழந்துவிடும். திரும்ப மாட்டினாலும் போனது போனதுதான். மறுபடி காந்தமேற்றும் மெஷினில் வைத்தால்தான் வரும்.

இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. என்னிடம் 1930களின் ரேடியோ ஒன்று இருக்கிறது. அதன் ஸ்பீக்கரில் நிரந்தரக் காந்தமே கிடையாது. பின்னால் பெரிய காயில் சுற்றி, அதில் கரண்ட் கொடுத்து மின்காந்தமாக்கியிருப்பார்கள். ஃபீல்டு காயில் என்று பெயர். அதே காயிலைப் பவர் சப்ளையில் கரண்ட்டைச் சீராக்கும் சோக்காகவும் பயன்படுத்திக்கொள்வார்கள். ஸ்பீக்கருக்குப் போதுமான நல்ல காந்தம் அன்றைக்கு மலிவாகக் கிடைக்காததால்தான் இவ்வளவு சுற்று வேலை.

ஓய்வாசிரியர்

அருமையான கேள்வி தம்பி. இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதைக் கேட்கும் மாணவன் கிடைக்கமாட்டானா என்று ஏங்கியிருக்கிறேன்.

காந்தத்துக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, எவ்வளவு பலமாக இழுக்கும். மற்றொன்று, கிடைத்த காந்தத்தன்மையை எவ்வளவு பிடிவாதமாக வைத்துக்கொள்ளும். பாடப்புத்தகம் இரண்டாவதைக் காந்த நீக்குத்திறன் என்கிறது. வகுப்பில் நான் 'பிடிவாதம்' என்றே சொல்வேன், பிள்ளைகளுக்கு மறக்காது. சாதாரண இரும்பு பலமாகக் காந்தமாகும், ஆனால் பிடிவாதம் துளியும் கிடையாது. கரண்ட்டை நிறுத்தினால் விட்டுவிடும். கடினப்படுத்திய எஃகு கொஞ்சம் பிடிவாதக்காரன். ஆனால் அவனும் முனைகள் அருகருகே இருந்தால் தன்னைத்தானே அழித்துக்கொள்வான். அதனால்தான் எஃகுக் காந்தத்தை நீளமாகச் செய்தார்கள். நீளமான சட்டத்தை வைக்க இடம் பிடிக்கிறது, இரண்டு முனையும் ஒரே பொருளைப் பிடிக்கவும் வேண்டும் என்பதால் வளைத்து லாடமாக்கினார்கள். பள்ளி ஆய்வகத்தில் லாட காந்தத்தின் வாயில் ஓர் இரும்புத் துண்டைக் குறுக்கே வைத்திருப்போமே, அது எதற்கு? உங்கள் ஸ்பீக்கரின் இரும்புக் கூடு செய்த அதே வேலைக்குத்தான். சுற்றை மூடி வைக்க. எத்தனையோ பள்ளிகளில் அந்தத் துண்டைத் தொலைத்துவிட்டு, காந்தம் போச்சு என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். பார்க்கவே வேதனையாக இருக்கும்.

ஆக, காந்தத்தின் உருவத்தைப் பார்த்தாலே அதன் பிடிவாதம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். நீளமாக இருந்தால் பிடிவாதம் குறைவு. காசு மாதிரி மெல்லியதாக இருந்தால் அசைக்க முடியாத பிடிவாதம். நீங்கள் வரிசையாகச் சொன்ன லாடம், கட்டை, வளையம், காசு இருக்கிறதே, காந்தத்தின் கடைசி முந்நூறு வருட வரலாறு அதிலேயே இருக்கிறது.

கடலோடி_தூத்துக்குடி

ஐயா, அந்த முந்நூறு வருடத்துக்கு முன்னால் பல நூறு வருடம் கப்பல்காரர்கள் இந்தப் பிடிவாதம் இல்லாத ஊசியை நம்பித்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். இரும்பு ஊசியைக் காந்தக்கல்லில் தேய்த்தால் திசை காட்டும். கொஞ்ச நாளில் சோர்ந்துவிடும். அதனால் கப்பலில் கூடவே ஒரு காந்தக்கல்லையும் பத்திரமாக வைத்திருப்பார்கள், ஊசியைத் திரும்பத் திரும்பத் தேய்க்க.

பழங்கதைப்பிரியன்

சோழர் கப்பல்களில் மச்ச யந்திரம் என்ற மீன் வடிவத் திசைகாட்டி இருந்ததாக வாட்ஸாப்பில் வந்ததே, அதுதான் உலகின் முதல் காம்பஸ் என்று சொல்கிறார்களே?

கடலோடி_தூத்துக்குடி

தம்பி, நானும் சோழர் கடலோடிகளை நினைத்துப் பெருமைப்படுகிறவன்தான். ஆனால் அப்படிச் சொல்வதற்கு ஒரு கல்வெட்டோ செப்பேடோ காட்ட வேண்டும். நம் கடல் பக்கத்து மாலுமிகள் இராப்பலகை வைத்து நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து போனார்கள். வானம் தெளிவாக இருக்கும் நம் கடலில், பருவக்காற்றோடு போகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று கடலில் இருந்தவனுக்குத் தெரியும். இல்லாத ஒன்றை ஏற்றிச் சொல்லி அந்த அறிவை மறைக்க வேண்டாம்.

மீன் வடிவம் இருந்தது உண்மை. ஆனால் அது சீனாவில். 1044ல் அங்கே தொகுத்த ஒரு போர்க்கலை நூலில் செய்முறையே இருக்கிறது. மெல்லிய இரும்புத் தகட்டை மீன் மாதிரி வெட்டு, நெருப்பில் சிவக்கக் காய்ச்சு, வால் வடக்கைப் பார்க்கப் பிடித்து நீரில் முக்கு. மூடிய பெட்டியில் பத்திரப்படுத்து. வேண்டும்போது நீரில் மிதக்கவிட்டால் தெற்கைக் காட்டும். காந்தக்கல்லே தேவையில்லை!

1088 வாக்கில் ஷென் குவோ என்ற சீன அறிஞர் ஊசியைக் காந்தக்கல்லில் தேய்த்து, துளி மெழுகால் ஒற்றைப் பட்டு நூலில் ஒட்டித் தொங்கவிடுவதுதான் சிறந்த வழி என்று எழுதினார். அது சரியாகத் தெற்கைக் காட்டாமல் சற்றுக் கிழக்கே விலகி நிற்கிறது என்பதையும் கவனித்து எழுதியிருக்கிறார். மேகம் மூடிய நாளில் கப்பலோட்டிகள் தெற்குக் காட்டும் ஊசியைப் பார்க்கிறார்கள் என்ற குறிப்பு 1119ல் வருகிறது. ஐரோப்பாவில் இதைப் பற்றிய எழுத்து 1190 வாக்கில்தான்.

பழங்கதைப்பிரியன்

தெளிவாகச் சொன்னதற்கு நன்றி அண்ணா. அப்படியானால் நம் நாட்டில் காந்தத்தைப் பற்றி ஒன்றுமே இல்லையா?

ஓய்வாசிரியர்

ஏன் இல்லை? சுஸ்ருதர் மருத்துவ நூலில், உடம்பில் தைத்த அம்பு முனையை எடுக்கும் வழிகளில் ஒன்றாக அயஸ்காந்தத்தைச் சொல்கிறார். அயஸ் என்றால் இரும்பு. இரும்புக்குப் பிரியமானது என்று பொருள். நம் 'காந்தம்' அதிலிருந்து வந்ததுதான். 13ஆம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்தச் சூத்திரம் ஒன்று, காந்தத்தைக் கண்ட இரும்பு போல என்று இறைவன் முன் உயிர் நிற்பதைச் சொல்கிறது. காந்தம் கையை நீட்டவில்லை, சும்மா இருக்கிறது, ஆனாலும் இரும்பு அசைகிறது. தொடாமல் இழுக்கும் விசையைப் பார்த்து வியந்த கண் அது.

அதே நூற்றாண்டில், 1269 ஆகஸ்ட் 8 அன்று, இத்தாலியில் லூசெரா நகரை முற்றுகையிட்ட படையில் இருந்த பியேர் என்ற பிரெஞ்சுக்காரர் தன் நண்பருக்குக் கடிதம் எழுதினார். பெரெக்ரினஸ் என்று உலகம் அவரை அழைக்கிறது. காந்தக்கல்லை உருண்டையாகச் செதுக்கி, மேலே சின்ன ஊசியை வைத்து, அது நிற்கும் திசையில் கோடு போட்டார். ஊசியை நகர்த்தி வைத்து இன்னொரு கோடு. இப்படிப் போட்ட கோடுகளெல்லாம் இரண்டு இடத்தில் போய்க் கூடின. அவற்றுக்குத் துருவம் என்று பெயர் வைத்தார். கல்லை இரண்டாக உடைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு துருவம் வந்துவிடும் என்பதையும் எழுதினார். கோட்டைச் சுவருக்கு வெளியே உட்கார்ந்து எழுதிய அந்தக் கடிதத்தைத்தான் நான் நவீன காந்தவியலின் முதல் பக்கம் என்பேன்.

கடலோடி_தூத்துக்குடி

ஐயா, பூண்டு கதையையும் சொல்லிவிடுகிறேன். பூண்டு வாசனை பட்டால் காந்தம் செத்துப்போகும் என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக நம்பினார்கள். காம்பஸ் பக்கத்தில் நிற்கிறவன் பூண்டு தின்னக்கூடாது என்று பேச்சு. 16ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ்காரர் டெல்லா போர்ட்டா மாலுமிகளிடமே போய்க் கேட்டார். வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருப்பதைவிட உயிரை விட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் பூண்டைத் தின்று காந்தத்தின் மேல் ஊதிப் பார்த்தார், பூண்டுச் சாற்றை மேலே பூசியும் பார்த்தார். காந்தம் அசரவில்லை.

ஓய்வாசிரியர்

சரியாக எடுத்துக் கொடுத்தீர்கள். அந்த வழியில்தான் வில்லியம் கில்பர்ட் வருகிறார். லண்டன் மருத்துவர், பின்னாளில் எலிசபெத் ராணிக்கு வைத்தியம் பார்த்தவர். வைரத்தில் தேய்த்தாலும் இரும்பு காந்தமாகும் என்று ஒரு பேச்சு இருந்தது. அதைச் சோதிக்க எழுபத்தைந்து வைரத்தை எடுத்துச் சாட்சிகள் முன்னால் தேய்த்துப் பார்த்தார். ஒன்றிலும் பலிக்கவில்லை. 1600ல் வெளிவந்த அவருடைய நூலின் பெரிய முடிவு, பூமியே ஒரு பெரிய காந்தம் என்பது. பெரெக்ரினஸ் செய்த மாதிரியே காந்தக்கல் உருண்டை செய்து, குட்டிப் பூமி என்று பெயரிட்டு, அதன் மேல் ஊசியை நகர்த்திப் பார்த்தார். ஊசி திசை மட்டும் காட்டவில்லை. நடுக்கோட்டில் படுத்திருந்தது, துருவத்தை நெருங்க நெருங்கக் குனிந்தது.

ஊசி குனியும் என்பதை அவருக்கு முன்பே ஒரு கைவினைஞர் கண்டுவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ராபர்ட் நார்மன், லண்டனில் காம்பஸ் செய்து விற்றவர். ஊசியைச் சமநிலை பார்த்து முனையில் நிறுத்துவார். பிறகு காந்தக்கல்லில் தேய்த்தால் வடமுனை எப்போதும் கீழே சாயும். மறுபக்கம் துளி மெழுகு ஒட்டிச் சரிக்கட்டுவார். ஒரு தடவை ஆறு அங்குல ஊசியைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, சாய்வைச் சரி செய்ய வடமுனையை வெட்டினார், வெட்டினார், கடைசியில் அளவு மீறி வெட்டி ஊசியே பாழாகிவிட்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது என்று அவரே எழுதுகிறார். அந்தக் கோபத்தில்தான் இது ஏன் சாய்கிறது என்று யோசித்தார். குறுக்கே அச்சு வைத்து மேலும் கீழும் ஆடும் ஊசி செய்து அளந்தார். லண்டனில் 71 டிகிரி 50 நிமிடம். 1581ல் அச்சிட்டார். காயில்கடைத் தம்பி, ஒரு ஸ்பீக்கரைப் பாழாக்கிவிட்டு முப்பது வருடம் காரணம் தேடும் உங்களுக்கு நார்மனைப் பிடிக்கும்.

நெல்லைச்சீமை

இந்தக் குனிவு எங்கள் ஊருக்கு நெருங்கிய விஷயம், அதனால் குறுக்கிடுகிறேன். நார்மனின் ஊசியைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய மட்டமாகப் படுத்துவிடும். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்தச் சரிவு சுழியாக இருக்கும் கோடு, தென்னிந்தியாவின் நுனிக்கு மிக அருகே போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இருப்பது இதற்காகத்தான். இந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் பலமான மின்னோட்டம் ஓடுகிறது. நடுப்பகலில் தரையில் இருக்கும் காந்தமானியின் கணக்கையே அது மாற்றிவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சுவாதித் திருநாள் மன்னர் 1837ல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் அமைத்தார். பின்னால் அதற்குப் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், காந்த அளவுகள் உயரத்துக்கு ஏற்ப மாறுகின்றனவா என்று பார்க்க ஆசைப்பட்டு, 1855ல் அகத்தியமலை உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். பொதிகையில்! காடும் அட்டையும் யானையும் தாண்டி, ஆறாயிரம் அடிக்கு மேல், மூங்கிலும் மரமும் கண்ணாடிக் கருவிகளும் சுமந்துபோய். மலையேறும்போதெல்லாம் கருவி சுமந்து முன்னால் போன, பெயர் எழுதப்படாத அந்த ஆட்களை நினைத்துக்கொள்வேன்.

கடலோடி_தூத்துக்குடி

நெல்லை அண்ணாச்சி, மனது நிறைந்துவிட்டது.

கப்பல் பக்கம் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். ஊசி வடக்கிலிருந்து விலகி நிற்கும் அளவை காந்த ஒதுக்கம் என்பார்கள். நாங்கள் வேரியேஷன் என்போம். அது இடத்துக்கு இடம் மாறும் என்பது தெரிந்ததுதான். வருடத்துக்கு வருடமும் மாறும் என்று 1635ல் ஹென்றி கெல்லிபிராண்ட் காட்டியபோதுதான் எல்லோரும் திகைத்தார்கள். லண்டனில் 1580ல் 11 டிகிரி கிழக்கு இருந்தது 1634ல் 4 டிகிரிக்கு வந்துவிட்டது. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் போன ஹாலி 1698லிருந்து 1700 வரை ஒரு சின்னக் கப்பலில் அட்லாண்டிக் முழுக்கச் சுற்றி அளந்து, ஒரே ஒதுக்கம் உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்து 1701ல் வரைபடம் போட்டார்.

இரும்புக் கப்பல் வந்ததும் இன்னொரு தலைவலி. கப்பலே காந்தமாகி ஊசியை இழுக்கும். இன்றைக்கும் ஜைரோ, ஜிபிஎஸ் எல்லாம் இருந்தும் மேல்தளத்தில் காந்தக் காம்பஸ் கட்டாயம். அதன் இரண்டு பக்கமும் தேங்காய் அளவு இரும்பு உருண்டை இரண்டு இருக்கும். கீழே சின்ன அறைகளில், ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமாகச் சாயம் அடித்த காந்தக் குச்சிகள். கப்பலின் இழுப்பை அடக்கத்தான் அவை. வாட்ச் டியூட்டியில் நிற்கும்போது சூரியன் எழும் திசையைப் பார்த்துக் காம்பஸ் எவ்வளவு தப்பு என்று கணக்குப் போட்டு எழுதி வைப்போம். ஷென் குவோ கவனித்ததைத்தான் இன்றும் எழுதுகிறோம் என்று நினைக்கும்போது சிலிர்க்கும்.

காயில்கடை

ஐயா, அண்ணாச்சி, எல்லோருக்கும் நன்றி. நார்மன் வெட்டி வெட்டிப் பாழாக்கியதைப் படித்தபோது என் கையே வலித்தது.

என் தொழில் எங்கே தொடங்கியது என்று நானும் தேடிப் படித்தேன். 1820ல் டென்மார்க்கின் அர்ஸ்டெட் கரண்ட் ஓடும் கம்பி காந்த ஊசியைத் திருப்புவதைப் பார்த்தார். 1825ல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் லாட வடிவ இரும்பில் செம்புக்கம்பி சுற்றி மின்காந்தம் செய்தார். செருப்புத் தைத்துப் பழகி, பட்டாளத்தில் இருந்து, தானே படித்து மேலே வந்தவர். ஏழு அவுன்ஸ் இரும்பு ஒன்பது பவுண்டு தூக்கியது. அவருடைய கம்பியில் இன்சுலேஷன் கிடையாது! இரும்புக்கு வார்னிஷ் பூசிவிட்டு, கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றியிருக்கிறார். அதனால் பதினெட்டுச் சுற்றுதான் வந்தது. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பிக்கே பட்டு நூல் சுற்றிவிட்டார். அப்புறம் நெருக்கமாக, அடுக்கடுக்காக எத்தனை வேண்டுமானாலும் சுற்றலாம். 1831ல் அவர் செய்த காந்தம் 2,000 பவுண்டுக்கு மேல் தூக்கியது.

பழைய மோட்டார்களைப் பிரிக்கும்போது பருத்தி நூல் சுற்றிய கம்பியைப் பார்த்திருக்கிறேன். விரலில் பட்டால் மெத்தென்று இருக்கும், வார்னிஷ் வாசனை அடிக்கும். இப்போது எனாமல் கம்பி. ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் தொட்டுக்கொள்ளாமல் இருப்பதில்தான் என் தொழில் முழுவதும் இருக்கிறது. ஹென்றியின் பட்டு நூலில்தான் எங்கள் தொழில் பிறந்தது என்று இனி கடைக்கு வரும் பையன்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ரேடியோப்பெட்டி

அண்ணே, உங்கள் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். லாடம் எப்படிக் கட்டையாகி, வளையமாகி, காசானது என்பதில் ஜப்பான்காரர்களின் பங்கு மிகப் பெரியது.

1917ல் ஹோண்டா கோடாரோ கோபால்ட் கலந்த எஃகு செய்தார். பணம் கொடுத்த சுமிடோமோ குடும்பத் தலைவரின் பெயரெழுத்தை வைத்து கேஎஸ் எஃகு என்றார்கள். அதுவரை இருந்த காந்த எஃகைப் போல மூன்று மடங்கு பிடிவாதம். 1931ல் மிஷிமா நிக்கல் எஃகில் அலுமினியம் சேர்த்துப் பார்த்தபோது அதைவிடப் பிடிவாதமான காந்தம் கிடைத்தது. நீங்கள் கழற்றிய அல்னிகோ அந்த வம்சம்தான். லாடம் குட்டையாகிக் கட்டையானது இப்படித்தான்.

1930ல் டோக்கியோவில் கட்டோ, டக்கேயி என்ற இருவர் இரும்பு ஆக்சைடை வைத்து, மண்பாண்டம் மாதிரி சூளையில் சுட்டுக் காந்தப் பொருள் செய்தார்கள். ஃபெரைட். அதைத் தயாரிக்க 1935ல் தொடங்கிய கம்பெனிதான் டிடிகே. ஆமாம், நாம் பாட்டுப் பதிவு செய்த அதே டிடிகே கேசட்! 1950களின் தொடக்கத்தில் பிலிப்ஸ்காரர்கள் பேரியம் ஃபெரைட் கொண்டுவந்தார்கள். இழுப்பு அல்னிகோவைவிடக் குறைவு, பிடிவாதம் பல மடங்கு. அதனால் தட்டையாகச் செய்யலாம், இழுப்பு போதாததற்கு அகலமாகவும் செய்ய வேண்டும். உங்கள் கறுப்பு வளையம் வந்துவிட்டதா?

ஆனாலும் ஸ்பீக்கரில் அல்னிகோ ரொம்ப நாள் இருந்தது. 1978ல் ஆப்பிரிக்காவின் சயர் நாட்டில், ஷாபா மாகாணத்தில் சண்டை. உலகத்துக் கோபால்ட்டில் பெரும்பங்கு அங்கிருந்துதான். விலை எகிறியது. ஸ்பீக்கர் கம்பெனிகள் கூட்டமாக ஃபெரைட்டுக்கு மாறின. என் சேகரிப்பில் அந்த வருடத்தை வைத்தே ஸ்பீக்கரின் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவேன்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஆயிரக்கணக்கில் சுற்றிய சின்னக் காயிலுக்குள் ஓர் ஆணியை நுழைத்து, காயிலின் இரு முனையையும் ஆம்ப்ளிஃபயரின் மைக் இன்புட்டில் கொடுங்கள். ஒரு காந்தத்தை மெதுவாக ஆணி அருகே கொண்டுபோனால் ஸ்பீக்கரில் அரிசி பொரிவது போலச் சத்தம் வரும். இரும்புக்குள் குட்டிக் குட்டிக் காந்தப் பகுதிகள் திடீர் திடீரென்று திரும்பும் சத்தம் அது. 1919ல் பார்க்ஹவுசன் கேட்டது. முதன்முதலாகக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பழங்கதைப்பிரியன்

காசு மாதிரிக் காந்தத்தை விட்டுவிட்டீர்களே அண்ணா?

ரேடியோப்பெட்டி

வருகிறேன் தம்பி. 1966ல் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் கார்ல் ஸ்ட்ர்நாட், அருமண் (ரேர் எர்த்) உலோகமும் கோபால்ட்டும் சேர்ந்தால் அபாரமான பிடிவாதம் வரும் என்று காட்டினார். அதிலிருந்து சமாரியம்-கோபால்ட் காந்தம் வந்தது. ஆனால் இரண்டுமே விலை. கோபால்ட்டுக்குப் பதில் மலிவான இரும்பைப் போட முடியுமா? 1978 ஜனவரியில் ஒரு கருத்தரங்கில், இரும்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பதுதான் தடை என்று ஒருவர் பேசியதை, ஃபுஜிட்சுவில் வேலை பார்த்த சகாவா மசாட்டோ கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன அணுவான போரானை நடுவில் நுழைத்தால் இரும்பு விலகிக்கொள்ளுமே என்று தோன்றியது. 1982ல் வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போய் நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தைச் செய்து முடித்தார். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட்டும் தனியாக, உருகிய கலவையைச் சுழலும் சக்கரத்தில் ஊற்றிக் குளிரவைத்து, அதே பொருளை அடைந்திருந்தார். 1983 நவம்பரில் பிட்ஸ்பர்க் மாநாட்டில் இரண்டும் வெளிவந்தன.

மணற்கரை

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நியோடிமியம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்காரன்.

பெட்ரோமாக்ஸ் விளக்கில் மேண்டில் கட்டுவோமே, அதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். 1885ல். அதே வருடம் அவர் இன்னொன்றும் செய்தார். டிடிமியம் என்று ஒரே தனிமமாக நினைத்திருந்ததைப் பிரித்து இரண்டாக்கினார். ஒன்று பிரசியோடிமியம், மற்றொன்று நியோடிமியம். மேண்டிலுக்குத் தோரியம் தேவை. தோரியம் மோனசைட் மணலில் கிடைக்கும். 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். மோனசைட்! அது எங்கள் கடற்கரை மணல். தேடிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். எங்கள் மணல் ஐரோப்பாவின் தெருவிளக்குகளுக்குப் போனது.

அந்த மோனசைட்டுக்குள் தோரியத்தைவிட அருமண்கள் பல மடங்கு அதிகம். நியோடிமியமும் அதில்தான் இருக்கிறது. அதாவது, மேண்டிலும் நியோடிமியமும் ஒரே மனிதர் கையில் ஒரே வருடம் பிறந்தவை. மேண்டிலுக்காக எங்கள் ஊருக்கு வந்தவர்கள் அடுத்த நூற்றாண்டின் காந்தத்தையும் சேர்த்தே மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள், அது தெரியாமலே.

மழை முடிந்த பிறகு அலை வந்து ஒதுக்கிய இடத்தில் மணல் வரிவரியாகப் பிரிந்து கிடக்கும். கறுப்பு வரி இல்மனைட். சிவந்த வரி கார்னெட். தேன் நிறத்தில் மின்னுவது மோனசைட். சின்ன வயதில் காந்தத்தை நூலில் கட்டி இழுத்துப் போவோம், கறுப்பு மணல் தாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். தேன் நிற மணல் ஒட்டாது. உலகத்தின் பலமான காந்தத்துக்கு மூலம் அந்த ஒட்டாத மணலில் இருக்கிறது என்று அப்போது யார் சொன்னார்கள்?

2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண்களுக்கும் அவற்றின் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. இங்கே வண்டிக் கம்பெனிகள் திண்டாடின. அப்போது தொலைக்காட்சியில் எங்கள் ஊர்ப் பெயர் அடிபட்டது. மணலை எடு, காந்தம் செய் என்று சுலபமாகப் பேசுகிறார்கள். மணலிலிருந்து ஆக்சைடு, ஆக்சைடிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து காந்தம் என்று படி படியாக ஏற வேண்டும். நாம் தடுமாறுவது கடைசி இரண்டு படியில். தோரியம் கதிர்வீசும் பொருள் என்பதால் மணலைக் கையாளவும் கண்டிப்பான விதிகள் உண்டு. கரையில் வாழும் எங்களுக்கு மணல் எடுப்பதைப் பற்றிப் பயமும் கோபமும் இருக்கிறது. கடல் ஊருக்குள் வருவதைக் கண்ணால் பார்க்கிறோம். காந்தம் நாட்டுக்கு வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. பேசுகிறவர்கள் ஒரு தடவை இங்கே வந்து கரையில் நின்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஓய்வாசிரியர்

மணற்கரை, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆவரையும் உங்கள் கரையையும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை.

நம் பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வத்திராயிருப்பில் 1898ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமனோடு சேர்ந்து செய்த வேலைக்காக மட்டுமே அவரை நினைக்கிறோம். 1928 கடைசியில் டாக்கா போன பிறகு அவர் செய்தது காந்த ஆராய்ச்சி. ஒரு சின்னப் படிகத்தை, தலைமுடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தப் புலத்தின் நடுவே தொங்கவிடுவார். படிகம் ஒரு திசையில் கொஞ்சம் அதிகமாக, இன்னொரு திசையில் கொஞ்சம் குறைவாகக் காந்தமாவதால் திரும்பப் பார்க்கும். அந்தத் திருப்பத்தை அளந்து, உள்ளே மூலக்கூறுகள் எப்படிப் படுத்திருக்கின்றன என்று சொன்னார். ஷென் குவோவின் பட்டு நூல் நினைவுக்கு வருகிறதா?

காயில்கடைத் தம்பி, ஒரு வேண்டுகோள். உங்களிடம் கேஸ் டார்ச் இருக்கும். 1044ன் மீனைச் செய்து பாருங்கள். இரண்டு செய்யுங்கள். ஒன்றை வடக்கு தெற்காகவும் மற்றதைக் கிழக்கு மேற்காகவும் வைத்துக் குளிர்வியுங்கள். சிவக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். இரும்பு 770 டிகிரியைத் தாண்டினால் பழைய காந்தத்தன்மை முழுக்கப் போய்விடும். பியேர் கியூரி 1895ல் ஆராய்ந்த வெப்பநிலை அது. ஆறும்போது பூமி என்ன திசையில் இழுக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும்.

நெல்லைச்சீமை

சீனர்கள் வாலை மட்டும் சற்று முக்கச் சொன்னார்கள். அங்கே புலம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அது பொருத்தம்தான். நம் ஊரில் மட்டமாகவே வைக்கலாம் அண்ணாச்சி.

காயில்கடை

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டுச் செய்தேன். பழைய அலாரம் கடிகாரத்தின் ஸ்பிரிங்கில் விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டிக்கொண்டேன். செம்பு பற்றவைக்கும் டார்ச்சில் இரண்டையும் செக்கச்செவேல் என்று காய்ச்சினேன். சிவப்பாக இருக்கும்போது ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஐயா சொன்னது சரிதான். முதல் துண்டை வடக்கு தெற்காக, மட்டமாகப் பிடித்து நீரில் போட்டேன். இரண்டாவதைக் கிழக்கு மேற்காக. இடுக்கியில் காந்தம் ஏறியிருக்குமோ என்று சந்தேகம் வந்ததால் பித்தளை இடுக்கியில் பிடித்தேன். எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம் என்று பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி, தெர்மாகோல் துண்டின் மேல் ஒவ்வொன்றாக மிதக்கவிட்டேன். ஃபேனை நிறுத்தினேன்.

கிழக்கு மேற்காக ஆற்றியது சும்மா மிதந்தது. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அப்படியே நின்றது. அடுத்ததை வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மிக மெதுவாக, பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும் அளவுக்கு, தெர்மாகோல் திரும்பத் தொடங்கியது. வடக்கைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்து, நின்றது. விரலால் தள்ளிவிட்டேன். மறுபடி வந்து அங்கேயே நின்றது. நாலு தடவை தள்ளினேன். நாலு தடவையும் வந்தது.

பக்கத்துக் கடைப் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணே, இதுல எங்க காந்தம் வெச்சிருக்கீங்க?" என்றான். அவனை உட்காரவைத்து முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.